காகிதச் சீட்டில் தொடங்கிப் பைத்தானில் முடிந்த வரிசை: ஒரு சிமுலேஷன் செய்முறைப் பதிவு

ஒரு கவுன்ட்டர். ஒரே ஒருவர் வேலை பார்க்கிறார். மணிக்குச் சராசரியாக 10 பேர் வருகிறார்கள். ஒருவரைக் கவனித்து அனுப்பச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 12 பேரை அனுப்பலாம். 10-ஐ விட 12 பெரியது. எனவே கூட்டமே சேரக்கூடாது. ஆனால் அப்படிப்பட்ட கவுன்ட்டர் முன்னால் நின்ற யாருக்கும் தெரியும், வரிசை நீண்டுகொண்டுதான் போகும். ஏன் நீளுகிறது, எதை மாற்றினால் குறையும் என்று பார்க்கவே இந்தச் சிமுலேஷனைக் கட்டினேன். உண்மையான கவுன்ட்டரில் ஒவ்வொரு ஏற்பாடாக மாற்றிப் பார்க்க முடியாது. நிற்பவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள். தவிர, ஒரு ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று தெளிவாகத் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

சிமுலேஷன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது விமானிகள் பழகும் அறை. எட்வின் லிங்க் 1929-ல் தரையிலேயே அசைந்து திரும்பும் பயிற்சி விமானம் ஒன்றைச் செய்தார். அந்த வம்சத்தில் வந்தவைதான் இன்றைய பெரிய எந்திரங்கள். என்னுடையதில் திரையும் இல்லை, அசைவும் இல்லை, வெறும் எண்களின் பட்டியல். இரண்டிலும் செய்கிற காரியம் என்னவோ ஒன்றுதான்: நிஜத்திலிருந்து தேவையான விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவது. எதை விடுவது என்பதுதான் முதல் முடிவு. நான் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஒருவர் எப்போது வருகிறார், அவருடைய வேலை எவ்வளவு நேரம் பிடிக்கிறது.

முதல் ஓட்டம் கையால்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை கையால் ஓட்டிப் பார்ப்பது நல்லது. நிரல் பின்னால் என்ன செய்யப்போகிறது என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். 1 முதல் 11 வரை எழுதிய 11 துண்டுச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டேன். சராசரி 6. ஒருவர் வந்தபின் அடுத்தவர் வர எத்தனை நிமிடம் என்பதை இவை சொல்லும். 3 முதல் 7 வரை எழுதிய 5 சீட்டுகள் இன்னொரு டப்பாவில். சராசரி 5. இவை வேலை நேரம். எடுத்த சீட்டைக் குறித்துக்கொண்டதும் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். வெளியே வைத்துவிட்டால், மிச்சமிருப்பதைப் பார்த்து அடுத்தது எது என்று ஊகிக்க முடிந்துவிடும்.

நோட்டில் மூன்று பத்திகள்: வந்த நேரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். விதி ஒன்றுதான். தான் வந்த நேரம், முன்னவருக்கு வேலை முடிந்த நேரம், இந்த இரண்டில் எது பிந்தியதோ அப்போது ஒருவருக்கு வேலை தொடங்கும்.

இடைவெளிச் சீட்டில் 4, 9, 2, 1, 7 என்றும் வேலைச் சீட்டில் 6, 5, 7, 4, 6 என்றும் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் 4-ஆம் நிமிடம் வந்து 10-ல் போய்விடுகிறார். இரண்டாமவர் 13-ல் வந்து 18-ல் போகிறார். மூன்றாமவர் 15-ல் வந்து 3 நிமிடம் நின்று 18-ல் தொடங்கி 25-ல் முடிக்கிறார். நான்காமவர் 16-ல் வந்து 9 நிமிடம் நிற்கிறார். ஐந்தாமவர் 23-ல் வந்து 6 நிமிடம் நிற்கிறார்.

ஐந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் வரிசை ஏன் உண்டாகிறது என்பது இந்தச் சின்னப் பட்டியலிலேயே தெரிகிறது. தொடக்கத்தில் 4 நிமிடமும், 10-க்கும் 13-க்கும் நடுவில் 3 நிமிடமும் கவுன்ட்டர் சும்மா இருந்தது. அந்த 7 நிமிடத்தைச் சேர்த்துவைத்து, பின்னால் மூன்று பேர் அடுத்தடுத்து வந்தபோது செலவழிக்க வழியில்லை. மணிக்கு 12 பேர் என்ற கணக்கு, ஆள் இல்லாத நிமிடங்களையும் வேலை நேரமாகச் சேர்த்துக்கொள்கிறது.

விரிதாளுக்கு மாற்றியது

சீட்டில் 11-க்கு மேல் இடைவெளி வராது. நிஜத்தில் அரை மணி நேரம் யாருமே வராமலும் இருக்கும், ஒரே நிமிடத்தில் மூன்று பேர் வருவதும் நடக்கும். ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாமல் வருகிறவர்களின் இடைவெளி அடுக்குக்குறிப் பரவலைத் தழுவும், அதாவது குறுகிய இடைவெளிகள் அதிகமாகவும் நீண்டவை எப்போதாவதும் வரும். டென்மார்க்கின் ஆக்னர் எர்லாங் 1909-ல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து எழுதியதிலிருந்து வரிசைக் கணக்கு இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

விரிதாளில் இதை உண்டாக்குவது சுலபம். 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, அதன் இயல் மடக்கையை −6 ஆல் பெருக்கினால் சராசரி 6 நிமிட இடைவெளி கிடைக்கும். 0.5 வந்தால் 4.16 நிமிடம். 0.9 வந்தால் 0.63 நிமிடம். 0.05 வந்தால் கிட்டத்தட்ட 18 நிமிடம். வேலை நேரத்துக்கும் இதே முறை, 6-க்குப் பதில் 5. சில மொழிகளின் சமவாய்ப்புச் சார்பு எப்போதாவது சரியாக 0-வைத் தரக்கூடும், 0-க்கு மடக்கை கிடையாது. அதனால் 1-லிருந்து அந்த எண்ணைக் கழித்துவிட்டு மடக்கை எடுப்பது பாதுகாப்பு.

மூன்று பத்திகளும் தேவையில்லை என்பது இங்கே வந்தபின் தெரியும். டென்னிஸ் லிண்ட்லி 1952-ல் எழுதிய ஒரே வரி போதும்: முன்னவர் காத்திருந்த நேரத்தோடு அவருடைய வேலை நேரத்தைக் கூட்டி, இவர் வந்த இடைவெளியைக் கழிக்க வேண்டும். மிஞ்சியது நேர் எண் என்றால் அதுவே இவருடைய காத்திருப்பு, இல்லையென்றால் 0. இந்த வரியைப் பத்தாயிரம் கட்டங்களுக்குக் கீழே இழுத்துவிட்டால் சிமுலேஷன் தயார். ஒரு தொல்லை உண்டு. எந்தக் கட்டத்தில் எதை மாற்றினாலும் விரிதாள் எல்லாச் சமவாய்ப்பு எண்களையும் புதிதாக மாற்றிவிடும். சற்றுமுன் பார்த்த விடை கண்முன்னே காணாமல் போகும். எண்களை வெறும் மதிப்புகளாக ஒட்டிவைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

விடை தெரிந்த கணக்கில் சோதித்தது

விடை தெரியாத கேள்விக்குப் போகும் முன், விடை தெரிந்த கேள்விகளை முதலில் கேட்டேன். எந்தச் சிமுலேஷனிலும் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

வருகையும் வேலையும் கடிகாரம்போல் சீராக இருந்தால், 6 நிமிடத்துக்கு ஒருவர், ஒருவருக்கு 5 நிமிடம், காத்திருப்பு 0 வர வேண்டும். வந்தது. வருகை சமவாய்ப்பாகவும் வேலை எல்லோருக்கும் அச்சாக 5 நிமிடமாகவும் இருந்தால் வரிசைக் கணக்கின் சூத்திரம் சராசரிக் காத்திருப்பு 12.5 நிமிடம் என்கிறது. இரண்டுமே அடுக்குக்குறிப் பரவலில் இருந்தால் 25 நிமிடம். நீளமாக ஓடவிட்டால் விரிதாளின் சராசரி இந்த எண்களைச் சுற்றியே வந்து நின்றது.

இந்த மூன்று விடைகளையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றிலும் மணிக்கு 10 பேர்தான், ஒருவருக்குச் சராசரி 5 நிமிடம்தான். சராசரி எதுவும் மாறவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் மாறியது, காத்திருப்பு 0-விலிருந்து 25-க்குப் போய்விட்டது. சராசரிகளை மட்டும் வைத்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு ஓட்டத்தைக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சோதனை: ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய விதி. வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை, வருகை வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் கிடைப்பது. மணிக்கு 10 பேர், 25 நிமிடம் என்றால் 4.17 பேர். இதை நிரலில் தனி வழியில் எண்ண வேண்டும். வரிசை நீளத்தை நேரத்தோடு சேர்த்துக் கூட்டி, மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் கூட்டல் கழித்தலில் ஓட்டை இல்லை என்று நம்பலாம்.

வருகையை 10-லிருந்து 11 ஆக்கியதும் 25 நிமிடம் 55 ஆனது. ஒரே ஒரு ஆள் கூடினால் காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேல். இதுவும் சூத்திரத்தோடு பொருந்தியது.

அப்படியானால் சூத்திரமே போதாதா? போதாது. சூத்திரத்தின் 25 நிமிடம், முடிவே இல்லாமல் ஓடும் கவுன்ட்டருக்கானது. நிஜக் கவுன்ட்டர் ஒவ்வொரு நாளும் ஆளில்லாத வரிசையோடு திறந்து, 8 மணி நேரத்தில் மூடிவிடும். அப்படித் தினமும் புதிதாகத் தொடங்கும்படி ஓட்டினால் சராசரி 25-ஐ எட்டுவதில்லை. இந்த அளவு நெருக்கடியில் ஒரு வரிசை தன் இயல்பான நீளத்துக்கு வந்து சேரவே மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் கதவு மூடிவிடுகிறது. கூடவே நாளுக்கு நாள் வித்தியாசம் பயங்கரமாக இருந்தது. விதிகளில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு நாள் எல்லோரும் நிம்மதியாகப் போகிறார்கள், இன்னொரு நாள் மதியத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டுகிறது. நேற்று கூட்டம் குறைந்தது, அதனால் நேற்று செய்த மாற்றம் பலித்தது என்று சொல்வதற்கு முன் இந்த ஓட்டத்தை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

பத்தாயிரம் பேரை ஓட்டினால் பத்தாயிரம் தனித்தனிச் சான்றுகள் கிடைத்ததாகவும் எண்ணிவிடக்கூடாது. முன்னவர் நெடுநேரம் நின்றால் பின்னவரும் நிற்பார். ஒரு நீண்ட ஓட்டத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் சராசரிகள் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்துத்தான் விடையின் நம்பகத்தை அளக்க வேண்டும்.

பைத்தானும் சமவாய்ப்பு எண்களும்

ஒரு கவுன்ட்டர் வரை விரிதாள் தாங்கும். இரண்டு கவுன்ட்டர், பாதியில் கிளம்பிவிடுகிறவர், உணவு இடைவேளை என்று சேரச் சேர அது சிக்கலாகிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மாறினேன். அங்கே அமைப்பே வேறு. இனி நடக்கப்போகிற நிகழ்வுகளின் பட்டியல் ஒன்று நேர வரிசையில் இருக்கும். நிரல் முதல் நிகழ்வை எடுக்கும், கடிகாரத்தை அந்த நேரத்துக்குத் தாவ வைக்கும், அதனால் உண்டாகும் புதிய நிகழ்வுகளைப் பட்டியலில் சேர்க்கும். ஒருவர் வந்தால் அடுத்தவர் வரும் நேரம் பட்டியலில் ஏறும். வேலை தொடங்கினால் அது முடியும் நேரம் ஏறும். எதுவும் நடக்காத நிமிடங்களுக்குக் கணினி நேரமே செலவாவதில்லை.

வாடிக்கையாளரை ஒரு வகுப்பாக, அதாவது அவருடைய விவரங்களையும் செயல்களையும் சேர்த்து வைக்கும் ஓர் அச்சாக, எழுதும்போது ஒரு நினைவு வந்தது. இன்று நிரல் எழுதுகிற பலரும் பயன்படுத்தும் இந்த வகுப்பு, அதிலிருந்து வார்க்கும் பொருள் என்ற சிந்தனையே சிமுலேஷனுக்காகப் பிறந்தது. 1960-களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஒலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் உருவாக்கிய சிமுலா மொழியில்தான் அது முதலில் வந்தது.

பைத்தானின் சமவாய்ப்பு எண்கள் மெர்சென் ட்விஸ்டர் என்ற வழிமுறையிலிருந்து வருகின்றன. ஜப்பானைச் சேர்ந்த மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1997-ல் உருவாக்கியது. அதன் சுற்று 2-இன் 19937-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. அது தீர்ந்து திரும்பத் தொடங்குமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை. எல்லா வழிமுறைகளும் இப்படி இல்லை. 1960-களில் பரவலாக இருந்த ராண்டு என்பதிலிருந்து எண்களை மூன்று மூன்றாக எடுத்து முப்பரிமாணப் புள்ளிகளாகக் குறித்தால், அவை வெறும் 15 தளங்களில் போய் அடுக்காக உட்காரும். ஒழுங்கில்லாததாகத் தோன்றிய எண்களுக்குள் அவ்வளவு ஒழுங்கு. எனவே பெயர் தெரியாத சார்பைப் பயன்படுத்துவதில்லை.

இவை கணித்து வருகிற எண்கள், உண்மையான சமவாய்ப்பு இல்லை. சிமுலேஷனுக்கு அதுவே வசதி. ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் திரும்ப வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தேன்.

சமவாய்ப்பை வைத்துக் கணக்குப் போடும் இந்த வழிக்கு மான்டே கார்லோ என்று பெயர் வந்த கதை சுவையானது. கணித அறிஞர் ஸ்தானிஸ்லாவ் உலாம் 1946-ல் உடல்நலம் தேறிக்கொண்டிருந்தபோது தனியாகச் சீட்டாடினார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிய வாய்ப்பு எவ்வளவு என்று கணிதத்தால் கண்டுபிடிக்க முயன்று, அது படுசிக்கலாகவே, நூறு ஆட்டம் ஆடி எத்தனை வென்றது என்று எண்ணினால் என்ன என்று யோசித்தார். ஜான் வான் நியூமனோடு சேர்ந்து அதே யோசனை நியூட்ரான்களின் ஓட்டத்துக்குப் போனது. 1948-ல் எனியாக் கணினியில் ஓடியது. பெயர் நிக்கலஸ் மெட்ரோபோலிஸ் சூட்டியது. 1949-ல் அவரும் உலாமும் அந்தப் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார்கள். என் டப்பாவும் சீட்டும் செய்தது அதே வேலைதான், நியூட்ரானுக்குப் பதில் ஆட்கள்.

நிஜத்தோடு ஒட்டிப் பார்த்தது

நிரல் சூத்திரத்தோடு ஒத்துப்போவது ஒரு விஷயம். நிரலும் நிஜக் கவுன்ட்டரும் ஒத்துப்போவது முற்றிலும் வேறு விஷயம். கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வந்த நேரம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மூன்றையும் குறித்தேன். யார், என்ன வேலை என்பதெல்லாம் தேவையில்லை.

வேலை நேரம் அடுக்குக்குறிப் பரவலாக இல்லை. மிகக் குறுகிய வேலைகள் அந்தப் பரவல் சொல்லும் அளவுக்கு இல்லை. யாராக இருந்தாலும் காகிதத்தை வாங்கிப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. பெரும்பாலானவை மூன்று நான்கு நிமிடத்தைச் சுற்றி, எப்போதாவது ஒன்று மிக நீளமாக. இதற்கு அழகான சூத்திரப் பரவல் ஒன்றைத் தேடிப் பொருத்தலாம். நான் குறித்த நேரங்களையே சீட்டாக்கி, அவற்றிலிருந்து சமவாய்ப்பாக எடுக்கும்படி விட்டுவிட்டேன். தரவு ஓரளவு இருந்தால் இது நேர்மையான வழி. ஆனால் குறித்த நாட்களில் வராத மிக நீளமான வேலை, சிமுலேஷனிலும் ஒருபோதும் வராது என்பது நினைவில் இருக்க வேண்டும்.

வருகையும் நாள் முழுக்க ஒரே வேகத்தில் இல்லை. திறக்கும் நேரத்தில் குவிகிறார்கள். மணிக்கு மணி வேகத்தை மாற்றிக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் பிறகு, கூட்டம் அதிகமான நேரங்களில் சிமுலேஷன் சொன்ன காத்திருப்பு நிஜத்தைவிட அதிகமாகவே இருந்தது. காரணம் வாசலில் நின்று பார்த்தபோது விளங்கியது. நீண்ட வரிசையைக் கண்டு உள்ளே வராமலே திரும்பிப் போகிறார்கள். அவர்களுடைய காத்திருப்பு 0. எந்தப் பதிவிலும் அவர்கள் இல்லை. வரிசை குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் வருகிறவர்களில் ஒரு பங்கு திரும்பிவிடும்படி விதி சேர்த்ததும் இரண்டும் நெருங்கின. ஆனால் அந்தப் பங்கு என் ஊகம். அதனால் நாளை 22 நிமிடம் காத்திருப்பு இருக்கும் என்று இந்தச் சிமுலேஷனை வைத்து நான் சொல்லமாட்டேன். அந்த வேலைக்கு இது ஆகாது.

ஒப்பிட்டது

இது நன்றாகச் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு ஏற்பாடுகளில் எது மேல் என்று கேட்டால் தயங்காமல் சொல்லும். ஊகங்களில் உள்ள பிசகு பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரி பாதிப்பதால், வித்தியாசம் ஓரளவு தப்பித்துவிடுகிறது. இதற்கு விதை எண் இன்னொரு உதவி செய்யும். இரண்டு ஏற்பாட்டுக்கும் அதே ஆட்கள், அதே நேரத்தில், அதே வேலையோடு வரும்படி எண்களைப் பகிர்ந்தளிக்கலாம். வருகைக்கு ஒரு விதை, வேலை நேரத்துக்கு ஒரு விதை என்று தனித்தனியாக வைத்தால்தான் இது சரியாக நடக்கும். ஒரே ஓடையிலிருந்து எடுத்தால், ஒரு பக்கத்தில் ஓர் எண் கூடுதலாகச் செலவானதும் மற்றதெல்லாம் தடம் மாறிவிடும்.

முதல் ஒப்பீடு: மணிக்கு 20 பேர், இரண்டு கவுன்ட்டர். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை, வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றில் நிற்கிறார் என்றால் சராசரி 25 நிமிடம். ஒரே வரிசையில் நின்று, எந்தக் கவுன்ட்டர் காலியாகிறதோ அங்கே போனால் 11.4 நிமிடம். ஆளும் கூடவில்லை, வேலை வேகமும் கூடவில்லை. ஒரு பக்கம் வரிசை நிற்க மறுபக்கம் சும்மா இருக்கும் நிமிடங்கள் மட்டும் ஒழிந்தன. குட்டையான வரிசையைப் பார்த்து நிற்கும்படி விதியை மாற்றினால் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். பொது வரிசைக்கு அதன் பிறகும் மிஞ்சுவது நியாயம்: பின்னால் வந்தவர் முன்னால் போவதில்லை.

இரண்டாவது, ஒரே கவுன்ட்டரிலேயே என்ன செய்யலாம் என்பது. ஒருவருக்கு 30 விநாடி மிச்சம் பிடித்து, சராசரியை 5-லிருந்து 4.5 நிமிடம் ஆக்கினால் 25 நிமிடம் 13.5 ஆகிறது. வேகத்தைத் தொடாமல் எல்லா வேலையும் ஒரே அளவாக ஆனால் 12.5. அரை நிமிட மிச்சமும், ஏற்ற இறக்கத்தை முற்றிலும் ஒழிப்பதும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தருகின்றன. முதலாவது நடக்கக்கூடியது: படிவத்தை வரிசையில் நிற்கும்போதே நிரப்பச் சொல்வது போன்ற ஒரு சின்ன மாற்றம் போதும்.

மூன்றாவதாகச் சராசரியை விட்டுவிட்டு வால்பகுதியைப் பார்த்தேன். 25 நிமிடச் சராசரி கொண்ட அந்த ஒற்றைக் கவுன்ட்டரில் ஆறில் ஒருவருக்குக் காத்திருப்பே இல்லை. ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கிறார். புகார் எழுதுகிறவர் அந்த ஒன்பதில் ஒருவர். அவரிடம் சராசரி 25 நிமிடம் என்று பதில் சொல்வதில் பயனில்லை. அதனால் இப்போது நிரல் கடைசியில் அச்சிடுவது சராசரியை அல்ல, ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்களின் விகிதத்தை.

நீளமான வேலைகளைத் தனிக் கவுன்ட்டருக்குத் திருப்பும் ஏற்பாட்டை இனிதான் ஓட்ட வேண்டும். அதற்கு, ஒருவர் வந்து நின்றதுமே அவருடைய வேலை நீளமானதா என்று சொல்லிவிட முடியுமா என்பது தெரிய வேண்டும். என் குறிப்புகளில் அதற்கான பத்தி இல்லை. அடுத்த முறை நிறுத்துக் கடிகாரத்தோடு போகும்போது அந்த ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்வேன்.